காலி நாளில் சிக்கிய பீரோ

2004 ஜூலை 14, புதன்கிழமை. கோர்படி. காலையில் தூறல், பிற்பகலில் கனமழை.

கீழ்த்தளத்தில் குடியிருக்கும் தம்பதி தம் பொருட்களை மேல்தளத்துக்கு ஏற்றத் தொடங்கினர். வீட்டு உரிமையாளர் ஆட்சேபித்தார். ஆட்சேபம் ஏற்கப்படவில்லை.

பாத்திரங்கள், எரிவாயு அடுப்பு, கழற்றிய கட்டில், மீன் தொட்டி (மீன்களுடன்) ஆகியவை மேலே வந்து சேர்ந்தன.

நண்பகலுக்கு முன் இரும்பு பீரோ ஏற்றப்பட்டது. படிக்கட்டின் திருப்பத்தில், சுவருக்கும் கைப்பிடிக் கம்பிக்கும் இடையே, அது நின்றுவிட்டது. மேலே போகவில்லை. கீழே இறங்கவும் இல்லை.

பீரோவுக்கு மேற்புறத்தில் இருந்தவர்கள்: குடித்தனக்காரரின் மனைவி, உரிமையாளர். கீழ்ப்புறத்தில் இருந்தவர்: குடித்தனக்காரர்.

மதிய உணவு பீரோவின் தலைக்கு மேலாகக் கைமாற்றப்பட்டது.

ஜூலை 15, வியாழக்கிழமை. காலையில் ஆகுர்டியிலிருந்து ஒரு டெம்போ வந்து வாசலில் நின்றது.

மேலே உள்ள குறிப்பில் பொய் எதுவும் இல்லை. அந்த வீட்டின் உரிமையாளர் நான். குடியிருப்பவர்கள் காலி செய்ய மறுப்பதும் உரிமையாளர் காலி செய்யும்படி மன்றாடுவதும்தான் உலக வழக்கம். என் வீட்டில் அன்று அவர்கள் காலி செய்தே தீருவோம் என்றார்கள். நான் வேண்டாம் என்று மன்றாடினேன். இது எப்படி நேர்ந்தது என்பதை விளக்க வேண்டுமென்றால் என் மனைவியிலிருந்து தொடங்க வேண்டும்.

புனேயில் ஒரு கல்லூரியில் நான் கணிதம் கற்பித்தேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கோர்படியில் ரயில்வே குடியிருப்பைத் தாண்டி, இரண்டு தளங்கள் கொண்ட சிறிய வீடு ஒன்றைக் கட்டினோம். கட்டினோம் என்று எழுதுவது என் சுயமரியாதைக்காக. மேஸ்திரியோடு மராத்தியில் சண்டையிட்டு, சிமெண்டு மூட்டைகளின் மேல் உட்கார்ந்து காவல் காத்து, அதைக் கட்டியவள் அவள். மேல்தளம் எங்களுக்கு, கீழ்த்தளம் வாடகைக்கு என்பதும் அவள் முடிவு. கீழ்த்தளத்தின் நிர்வாகத்தில் எனக்கு இரண்டு பொறுப்புகள் ஒதுக்கப்பட்டன. குழாயில் வாஷர் தேய்ந்தால் மாற்ற வேண்டும். மோட்டாரை நிறுத்த மறந்து மொட்டைமாடித் தொட்டி வழிந்தால், யார் மறந்திருந்தாலும், நான்தான் மறந்தேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

வீட்டை வாடகைக்கு விடுவதில் அவளுக்கு ஒரே ஓர் அச்சம் இருந்தது. இந்த ஊரின் பழைய பேட்டைகளில், மூன்று தலைமுறைகளாக நகராத குடித்தனங்கள் இருக்கின்றன. முற்றமும் கூடமும் அவர்களிடம் இருக்கும். வீட்டுக்குச் சொந்தக்காரர் மாடிப்படிக்கு அடியில் குடியிருப்பார். அப்படிப்பட்ட ஒரு சொந்தக்காரரை அவள் எங்கோ ஒரு திருமணத்தில் பார்த்துவிட்டாள். அவர் கூன் விழுந்திருந்தார் என்றும், அது படிக்கட்டின் சாய்வுக்கு ஏற்ற கூன் என்றும் சொன்னாள்.

இதற்குப் புனேயில் எல்லோரும் கையாளும் உபாயம் ஒன்று உண்டு. குடியிருப்பவரோடு பதினோரு மாதங்களுக்கு மட்டும் ஒப்பந்தம் எழுதுவார்கள். அது முடிந்ததும் புதிதாக ஒன்று எழுதுவார்கள். ஆண்டு நிறையவிடாமல் பார்த்துக்கொண்டால் குடியிருப்பவருக்கு உரிமை எதுவும் விளையாது என்பது பொதுவான நம்பிக்கை. மற்ற வீடுகளில் இந்த இடைவெளி காகிதத்தில் மட்டும் நிகழும். என் மனைவிக்குக் காகிதம் போதவில்லை.

“வீடு காலியா இருந்துச்சுன்னு நாளைக்கு யாராவது கேட்டா, காகிதமா வந்து சாட்சி சொல்லும்? கண்ணு பாத்திருக்கணுங்க.”

அவ்வாறுதான் காலி நாள் பிறந்தது. ஒப்பந்தம் முடிகிற அன்று, கீழ்த்தளத்தில் உள்ள அத்தனையும் வெளியேற வேண்டும். தரை கழுவப்படும். பிறகு அவள் என்னை அழைத்துக்கொண்டு ஒவ்வோர் அறையாகப் போவாள். கதவைத் திறந்து, “காலி” என்பாள். சாட்சியான நான், “காலி” என்று வழிமொழிய வேண்டும். குளியலறைக்கும் இது பொருந்தும். பூட்டுப் போடப்படும். மறுநாள் காலையில் பூட்டு திறக்கப்பட்டு, அதே குடும்பம் அதே பொருட்களோடு அதே அறைகளில் குடியேறும்.

1994 ஜூன் நடுவில் வந்த தம்பதிதான் முதல் குடித்தனம். வேறு குடித்தனத்தை நான் அறியேன். கணவர் போசரியில் ஒரு பொறியியல் ஆலையில் லேத் ஓட்டும் டர்னர். பெரிய உடம்பு, சிறிய குரல். மனைவி கோர்படி ரயில்வே குடியிருப்பிலேயே பிறந்து வளர்ந்தவர். பெற்றோர் வேலூர்ப் பக்கம். தமிழில் தொடங்கும் வாக்கியத்தை அவர் இந்தியில் திருப்பி மராத்தியில் நிறுத்துவார். என் மனைவியை அக்கா என்றும் என்னைச் சார் என்றும் அழைப்பார். அவர்களுடைய ஒரே மகள் திருமணமாகிச் சோலாப்பூரில் இருக்கிறாள்.

முதல் காலி நாள் நெருங்கியபோது, அன்றிரவு எங்கே தங்குவது என்று அந்த அம்மாள் கேட்டார்.

“எங்கே தங்குறதா? மேலே வாங்க. இவ்வளவு பெரிய வீடு சும்மாதானே கெடக்கு” என்றாள் என் மனைவி.

இதில் உள்ள முரண்பாட்டை நான் தனிமையில் அவளுக்குச் சுட்டிக்காட்டினேன். நம் வீட்டின்மீது அவர்களுக்கு உரிமை இல்லை என்று நிறுவுவதற்காக அவர்களை நம் வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து வைக்கிறோம் என்றேன்.

“கீழே இருந்தா குடித்தனம். மேலே வந்தா விருந்தாளி. விருந்தாளிக்கு எந்தக் கோர்ட்டுல வீடு எழுதிக் குடுத்திருக்காங்க?” என்றாள். அந்த வாதத்தில் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. எங்கே என்று இன்றுவரை தெரியவில்லை.

ஆக, பதினோரு மாதங்களுக்கு ஒரு முறை என் வீட்டுக் கூடத்தில் இரண்டு எரிவாயு அடுப்புகள், இரண்டு தொலைக்காட்சிப் பெட்டிகள், ஒரு மீன் தொட்டி எல்லாம் கூடின. காலி நாள் ஒவ்வொரு முறையும் நாட்காட்டியில் ஒரு மாதம் முன்னால் நகர்ந்தது. ஒரு முறை அது சரியாகப் பொங்கலன்று வந்து விழுந்தது. மேல்தளத்தில் இரண்டு பானைகள் பொங்கின. எது யாருடைய பானை என்பதில் தகராறு வந்து, இரண்டையும் கலந்துவிட்டார்கள். எதிர்வீட்டு ராணுவ அதிகாரி மிகுந்த தயக்கத்தோடு என்னிடம் வந்து, உங்கள் குடித்தனக்காரர் பணம் ஒழுங்காகத் தருவதில்லையா, பண்டிகையன்றா அவரை வெளியேற்றுவது என்று கேட்டார். வெளியேற்றவில்லை, மேலே ஏற்றியிருக்கிறோம் என்றேன். அவர் அதற்குப் பிறகு என்னோடு வானிலையை மட்டுமே பேசினார்.

சில பொருட்களுக்கு விலக்கு வழங்கும் அதிகாரம் என் மனைவிக்கு இருந்தது. மீன்களுக்கு விலக்கு இல்லை. அவை உயிருள்ளவை, ஆகவே குடியிருக்கின்றன. இரும்பு பீரோவுக்கு விலக்கு உண்டு. “அது எங்கே குடியிருக்கு? சும்மா நிக்குது” என்று தீர்ப்பளித்தாள். ஒரு செப்டம்பரில் காலி நாள் விநாயகர் சதுர்த்தி விழாவுக்கு நடுவில் வந்தது. கீழ்வீட்டில் பிள்ளையாரைப் பிரதிஷ்டை செய்திருந்தார்கள். விசர்ஜனம்வரை அவரை இடம் மாற்றக் கூடாது. கீழ்வீட்டு அம்மாள் அழுகிற நிலையில் மேலே வந்தார்.

“இன்னா அக்கா செய்றது? கணபதி பாப்பாவை எப்படி எடுக்கறது?”

என் மனைவி கீழே இறங்கிப் போய், பிள்ளையாரைச் சற்று நேரம் பார்த்தாள். “இவரு ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடல. இருக்கட்டும்” என்றாள். அன்று நாங்கள் அறை அறையாகச் சென்றபோது, அந்த அறையில் மட்டும், “காலி, சாமி நீங்கலாக” என்று வழிமொழிந்தேன்.

2003 டிசம்பரில் அவள் இறந்தாள். அதைப் பற்றி இங்கே எழுத வேண்டியது இல்லை.

அடுத்த ஆண்டு மே மாதத்தில் குடித்தனக்காரர் மேலே வந்து, நெடுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, ஆகுர்டியில் ஒரு வீடு இருப்பதாகச் சொன்னார். உடன் வேலை செய்பவரின் அண்ணன் வீடு. போசரிக்குப் பக்கம். கோர்படியிலிருந்து ஸ்கூட்டரில் போய்வந்து அவருடைய முதுகு போய்விட்டது.

“பள்ளம் ஒவ்வொண்ணும் நேரா முதுகுக்கு வந்து சலாம் போடுது சார். ஒப்பந்தம் முடியட்டும், அப்புறம் பாக்கலாம்னு சொல்லி வச்சிருக்கேன். முடிவு பண்ணல.”

“முதுகு முக்கியம்” என்றேன். அவர் எழுந்து போகையில் ஒரு கையை முதுகில் வைத்துக்கொண்டு படியிறங்கினார். அது நடிப்பு அல்ல என்பதைக் கவனித்துக்கொண்டேன்.

நான் விரும்பியது ஒன்றே. அவர்கள் போகக் கூடாது. கீழே மிக்சி ஓடும் சத்தத்தில்தான் எனக்குக் காலை விடிந்ததாகத் தெரிந்தது. வெளிநாட்டில் இருக்கும் மகன், வீட்டைப் பூட்டிவிட்டுத் தன்னோடு வந்துவிடும்படி ஞாயிறுதோறும் தொலைபேசியில் சொல்வான். கீழே ஆட்கள் இருக்கிறார்கள், எப்படிப் பூட்டுவது என்பேன். அவர்கள் போய்விட்டால் என்னிடம் வேறு பதில் இல்லை. ஆனால் ஒருவரைப் போகாதீர்கள் என்று சொல்லும் பயிற்சி எனக்கு இல்லை. அத்தகைய வாக்கியங்களை எங்கள் வீட்டில் பேசுகிறவள் வேறு.

எனவே நான் ஒரு திட்டம் வகுத்தேன். பொருட்கள் வெளியே வந்தால்தான் அவற்றை ஆகுர்டிக்கு அனுப்பும் எண்ணம் வலுப்படும். காலி நாளையே ரத்து செய்துவிட்டால் யாருக்கும் மூட்டை கட்டத் தோன்றாது. ஜூலை தொடக்கத்தில் நான் கீழே சென்றேன். அந்த அம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“இந்த முறை காலி நாள் தேவையில்லைம்மா. சட்டப்படி அதற்கு அவசியமே இல்லை. புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் போதும்.”

“பத்து வருசமா அக்காகிட்ட இதையேதான சொன்னீங்க?”

“ஆமாம்.”

“கேட்டாங்களா?”

“இல்லை.”

“அப்புறம் எங்கிட்ட இன்னாத்துக்கு சொல்றீங்க?” என்றார். கீரையைக் கீழே வைத்தார். “சார், அக்கா இருந்தப்ப ரெண்டு நாள் தள்ளிப் போட்டாக்கூட பரவால்ல. இப்ப அவங்க இல்ல. உங்க புள்ள வந்து, அம்மா கண்ண மூடுனதும் இவங்க வீட்ட அமுக்கப் பாத்தாங்கன்னு ஒரு வார்த்த சொல்லிட்டா? காலனி பூரா பேசும். நக்கோ சார், வேணாம். காலி நாள்னா ஏக்தம் காலி.”

“அப்படியென்றால் சில விலக்குகள் தருகிறேன். கட்டிலுக்கு விலக்கு. பாத்திரங்களுக்கு விலக்கு. மீன்களுக்குக்கூட.”

“நீங்க குடுத்தா செல்லாது. அதெல்லாம் அக்கா குடுக்கணும்.”

“பீரோவுக்கு ஏற்கெனவே விலக்கு இருக்கிறதே.”

“குடுத்தவங்களோட போச்சு. பீரோவும் வரும்.”

வாழ்நாளெல்லாம் நிரூபணங்கள் எழுதியவன் நான். கீரைக் கட்டின் முன்னால் தோற்றுத் திரும்பினேன்.

இனி பீரோ. படிக்கட்டு ஒரு பக்கம் சுவராலும் மறுபக்கம் இரும்புக் கைப்பிடிக் கம்பியாலும் அமைந்தது. நடுவில் ஒரு திருப்பம். ஒரு திருப்பத்தைச் சுற்றிக் கொண்டுசெல்லக்கூடிய மிகப் பெரிய பொருளின் வடிவம் என்ன என்பது கணிதத்தில் இன்னும் தீர்க்கப்படாத வினா. இதை நான் குடித்தனக்காரரிடம் தெரிவித்தேன்.

“அதெல்லாம் பெரிய விசயம் சார். இது பீரோதான” என்றார்.

அவர் ஆலையிலிருந்து எஃகு அளவுகோல் கொண்டுவந்தார். நான் வரைபடம் போட்டேன். இருவரும் தனித்தனியே கணக்கிட்டு, ஒரே விடைக்கு வந்தோம். அரை விரல் அகலம் மிச்சத்தோடு பீரோ திரும்பும். இருவரும் கை குலுக்கிக்கொண்டோம். பீரோ காலி செய்யப்பட்டது. இரண்டு கூலியாட்கள் மேலிருந்து கயிற்றைப் பிடித்தார்கள்; அவர் கீழிருந்து தள்ளினார். நான் வரைபடத்தோடு மேற்படியில் நின்றேன்.

எங்கள் கணக்கு சரியாகவே இருந்தது. பீரோ அரை விரல் மிச்சத்தோடு திரும்பியது. பீரோவின் கதவில் கைப்பிடி ஒன்று உண்டு என்பதை நாங்கள் இருவருமே கணக்கில் சேர்க்கவில்லை. அது கம்பியில் வேலைப்பாட்டுக்காக வைத்த ஒரு வளையத்துக்குள் மெதுவாக நுழைந்தது. பிறகு ‘டக்’ என்று ஓர் ஒலி கேட்டது.

“இன்னா சத்தம்?” என்றார் கீழே இருந்தவர்.

கைப்பிடியைக் கழற்றலாம், ஆனால் அதன் திருகாணிகள் பீரோவுக்குள்ளே இருந்தன. பீரோவைத் திறக்கலாம், ஆனால் கதவு கம்பியோடு ஒட்டியிருந்தது. பின்புறம் சுவர். கூலியாட்கள் இருபுறமும் மாறி மாறி இழுத்துப் பார்த்தார்கள். சற்று நேரத்தில் அவர்கள் ஆளுக்கொரு பீடி பற்றவைத்து, திருப்பத்தில் கோணலாக நின்ற பீரோவின் மறுகோடியில் மிஞ்சியிருந்த சந்தில் ஒருக்களித்து நுழைந்து வெளியேறிப் போனார்கள். என்னாலும் அதில் நுழைய முடிந்தது. குடித்தனக்காரர் ஒரு முறை முயன்று, வயிறுவரை வந்து, மூச்சை இழுத்துப் பிடித்தபடி பின்வாங்கினார். அவருடைய மனைவி முயலவே இல்லை.

“ஒருத்தர் மாட்டிக்கினு இருக்கறது போதும்” என்றார்.

அப்போதுதான் வேறொரு சிக்கல் எழுந்தது. குடித்தனக்காரர் கீழ்ப்புறத்தில் இருந்தார். கீழ்த்தளம் காலியாக இருக்க வேண்டும்.

“நீங்க உள்ள போவக் கூடாது!” என்று மனைவி மேலிருந்து கத்தினார்.

“பின்ன எங்க போறது? மழ பெய்யுது!”

“படியிலயே குந்து.”

“அரே, எம் முதுகு!”

“முதுகோடதான் குந்தணும். கழட்டியா வைக்க முடியும்?”

நான் இரு தரப்பையும் கேட்டு, வாசல் போர்ட்டிகோ இரு தளங்களுக்கும் பொதுவானது என்றும், அங்கே இருப்பது குடியிருப்பதாகாது என்றும் அறிவித்தேன். என் வாழ்வில் நான் வழங்கிய முதல் தீர்ப்பு அது. அந்த அம்மாள் சற்று யோசித்துவிட்டு, “அக்காவும் இதத்தான் சொல்லியிருப்பாங்க” என்றார். நான் சந்து வழியாக ஒரு நாற்காலியைக் கொடுத்தேன். அவர் மழையைப் பார்த்தபடி போர்ட்டிகோவில் உட்கார்ந்தார். சோறும் குழம்பும் பீரோவின் தலைக்கு மேலாக இறங்கின. அப்பளம் மட்டும் ஒரு முறை கைதவறிப் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே விழுந்தது. அதை மீட்கும் முயற்சி கைவிடப்பட்டது.

பிற்பகலில் அந்த அம்மாள் எனக்கு நினைவூட்டினார். “சார், நீங்க போய்ப் பாத்து சொல்லணும்.”

நான் சந்தில் நுழைந்து கீழே போனேன். முன்னறையின் கதவைத் திறந்தேன். முதலில் ஒருவர் சொல்லி, மற்றவர் வழிமொழிவது முறை. எது என் பங்கு என்று தெரியாமல் சற்று நின்றேன். பிறகு இரண்டு முறையும் நானே சொன்னேன். அறை காலியாக இருந்ததால் குரல் சற்றுப் பெரிதாகக் கேட்டது. குளியலறைவரை அப்படியே சொல்லிவிட்டுப் பூட்டைப் போட்டேன்.

அன்று மாலை பீரோவின் இருபுறமும் ஒரு குடும்ப ஆலோசனை நடந்தது. நான் மேற்படியில் இருந்ததால் கேட்காமல் இருக்க வழியில்லை. போசரியில் வியாழன்தான் ஆலைகளுக்கு வார விடுமுறை, மறுநாள் வியாழன். உடன் வேலை செய்பவரிடம் டெம்போ இருக்கிறது. எல்லாம் மூட்டையாகத்தான் கிடக்கிறது. மறுபடி கீழே இறக்கி அடுக்குவதற்குப் பதில் ஒரேயடியாக ஆகுர்டிக்கே போய்விட்டால் என்ன என்றார் கணவர். மனைவி மேலே மீன்களுக்கு உணவு போட்டுக்கொண்டிருந்தார். வழக்கத்தைவிட அதிகமாகவே போட்டார்.

வியாழனன்று காலை டெம்போ வந்தது. ஓட்டிவந்த மராத்தி நண்பர் படியேறி வந்து, பீரோவைத் தட்டிப் பார்த்து, கம்பியையும் தட்டிப் பார்த்தார். இந்தியில், “இவங்க ரெண்டு பேருக்கும் கல்யாணமே ஆயிடுச்சு. இனி பிரிக்கணும்னா கோர்ட்டுக்குத்தான் போகணும்” என்றார். பிறகு, பக்கத்திலேயே ஒரு வெல்டர் இருக்கிறார், கம்பியை வெட்டிவிட்டால் பீரோ வந்துவிடும், உரிமையாளர் சரி என்று சொன்னால் பத்து நிமிட வேலை என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். போர்ட்டிகோ நாற்காலியில் இரவைக் கழித்த குடித்தனக்காரரும் முதுகைப் பிடித்துக்கொண்டு கீழிருந்து எட்டிப் பார்த்தார்.

“கம்பியை வெட்டுவது உசிதமல்ல” என்றேன்.

“ஏன் சார்?”

“கட்டடத்தின் பாரம் சம்பந்தப்பட்டது.”

“கைப்புடிக் கம்பிலயா பாரம் நிக்குது?” என்றார் அந்த அம்மாள்.

“நேரடியாக அல்ல. மேலும், மழைக்காலத்தில் இரும்பில் கை வைக்கக் கூடாது. மழை நிற்கட்டும்.”

“மழ நின்னதும் வெட்டலாமா?”

“மழை நின்றதும் அக்டோபர் வெயில் வரும். வெப்பத்தில் உலோகம் விரியும். பீரோ இன்னும் இறுகும். டிசம்பர்வரை பொறுத்தால், குளிரில் சுருங்கித் தானாகவே விடுபட வாய்ப்பு இருக்கிறது.”

டெம்போ நண்பருக்கு இது மொழிபெயர்த்துச் சொல்லப்பட்டது. அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

“கம்பியும் இரும்புதான சார்?” என்றார் அந்த அம்மாள்.

“ஆமாம்.”

“அதுவும் கூடவே சுருங்குமே?”

“சுருங்கும்.”

 முதலில் சிரித்தது கீழே இருந்தவர்தான். அந்தப் பெரிய உடம்பு குலுங்கியதில் பீரோவே அதிர்ந்தது. மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு என் வீட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். டெம்போ நண்பர் யாரும் மொழிபெயர்க்காமலேயே சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கையில் இன்னும் வரைபடத்தை வைத்திருந்தேன்.

“சார்” என்றார் அந்த அம்மாள், கண்ணைத் துடைத்தபடி. “அக்கா இருந்தா இந்நேரம் ஒரே வார்த்தைல சொல்லியிருப்பாங்க. நீங்க டிசம்பர் வரைக்கும் போயிட்டீங்க. போகாதீங்கன்னு சொல்லணுமா, சொல்லுங்களேன். வாய் வலிக்குமா?”

வலிக்காது என்று இப்போது தெரியும். அப்போது தெரியவில்லை. தொண்டையைச் செருமினேன், வகுப்பில் கரும்பலகையின் பக்கம் திரும்புவதுபோல் பீரோவின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“போக வேண்டாம்” என்றேன்.

“பீரோகிட்டயா சொல்றீங்க?”

“மூன்று பேரிடமும்.”

கீழே இருந்தவர் சிரிப்பை நிறுத்தினார். தன் சிறிய குரலில், “இந்தப் பதினோரு மாசம் இருக்கோம் சார். முதுகு தாங்குச்சுன்னா மேல பாக்கலாம். தாங்கலன்னா நீங்களே கம்பிய வெட்டித் தரணும்” என்றார்.

“தருகிறேன்” என்றேன். அது நியாயமான நிபந்தனை. அதை மனத்துக்குள் ஒரு முறை சரிபார்த்துக்கொண்டேன்.

டெம்போவைத் திருப்பி அனுப்புவதற்கு முன், அதன் ஓட்டுநருக்குப் பீரோவின் மேலாகக் காப்பி இறக்கப்பட்டது. பிறகு பூட்டைத் திறந்தோம். பாத்திரங்களும் மூட்டைகளும் கழற்றிய கட்டிலும் சந்து வழியாக ஒவ்வொன்றாக இறங்கின. மீன் தொட்டி நுழையவில்லை. மீன்களை ஒரு வாளியில் இட்டு, பீரோவின் தலைக்கு மேலாகக் கொடுத்தோம். தொட்டி என் கூடத்திலேயே தங்கிவிட்டது. அந்த அம்மாள் இறங்குவது கடைசியாக நடந்தது. அதை விவரிக்க வேண்டாம் என்று அவர் என்னிடம் உறுதி வாங்கியிருக்கிறார். எண்ணெய் பயன்பட்டது என்பதை மட்டும் சொல்லலாம்.

அடுத்த சில மாதங்களில் போசரி ஆலை தன் தொழிலாளர்களுக்காக நகரத்திலிருந்து ஒரு பேருந்து விட்டது. ஸ்கூட்டருக்கு ஓய்வு கிடைத்தது. முதுகு முழுக்கச் சரியாகவில்லை. ஆனாலும் ஒவ்வொரு பதினோரு மாத முடிவிலும் அவர் மேலே பார்த்து, “தாங்குது சார்” என்று அறிவிப்பார். படியில் நிற்கும் பீரோ எந்தத் தளத்தையும் சேர்ந்ததல்ல என்று அந்த அம்மாள் முடிவு செய்திருக்கிறார். அதன் தலைமேல் காலையில் என் செய்தித்தாளும் மாலையில் அவர் கொடுத்தனுப்பும் கிண்ணமும் வந்து உட்காருகின்றன. சந்தில் நுழைய வசதியாக அவருடைய கணவர் சற்று இளைத்திருக்கிறார். வரும் விருந்தினர்களிடம் இதைப் பற்றி நான் விளக்கம் தருவதில்லை. எதிர்வீட்டு ராணுவ அதிகாரி ஒரு முறை வந்து பார்த்துவிட்டு, வானிலை நன்றாக இருக்கிறது என்றார்.

இதை எழுதும் இன்று, 2009 நவம்பரில், செய்யப்படாமல் இருப்பவை:

வெல்டரை அழைப்பது.

படியில் ஏன் பீரோ நிற்கிறது என்று மகனுக்கு எழுதுவது. (இரண்டு முறை தொடங்கினேன்.)

மின்கட்டணச் சீட்டில் அவள் பெயரை நீக்கி என் பெயரைச் சேர்ப்பதற்கு விண்ணப்பிப்பது.

கீழ்வீட்டுச் சமையலறைக் குழாயில் வாஷர் மாற்றுவது. இன்று காலையிலும் சொன்னார்கள்.